ஹோட்டல் வேலை

16.01.2024 – கல்குடா
நாளை மாலைதீவுக்குப் பயணம். அங்குள்ள பெண்கள் உதைபந்தாட்டக் கழகம் என்னை ஒரு வருடத்துக்கு எடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கிய பெண் எவளும் இல்லை. பக்கத்து வீட்டு அன்னப்பூரணி மாமி பெட்டியைப் பார்த்து விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்: "ஹோட்டல் வேலை அக்கா. நல்ல இடமாம்."

பிறகு குசினியில் அடுப்பை மூட்டியபடி அம்மா என்னிடம், "தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுறம் புள்ள. அக்காக்காரி கால் தெரியக் கட்டைக் களிசானோட ஓடுறாள் எண்டு தெரிஞ்சா அவளை ஆர் முடிப்பான்?"

09.03.2024 – மாலே
முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்! செயற்கைப் புல்லில் விழுந்து முழங்கால் உரிந்துவிட்டது. எரிகிறது, சிரிப்பும் வருகிறது. பயிற்சியாளர் பாஹிம் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.

பதில்: "இதை ஃபேஸ்புக்கில போடாத."

02.05.2024
தங்கச்சி விதுர்ஷாவுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை சிவதர்ஷன், வந்தாறுமூலைப் பக்கம்.

20.06.2024
கல்யாணத்துக்கு லீவு கேட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"நீ வராத புள்ள. காலெல்லாம் காயம், முகம் கறுத்துப்போய்க் கிடக்கு. மாப்பிள்ளை வீட்டாக்கள் எந்த ஹோட்டல் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

என்ன சொல்லுவன்? உண்மையத்தான் சொல்லுவன். அதுதானே அவவுக்குப் பயம்! விதுர்ஷாவும் அம்மாக்குப் பக்கத்திலதான் இருந்தவள் – அவள் இருமினது எனக்குக் கேட்டது. 'அக்கா வரட்டும்' எண்டு ஒரு சொல்லு... அதுகூடவா வராது?

12.07.2024
இன்று கல்யாணம். பயிற்சிக்குப் போனேன். அடித்த பந்தெல்லாம் வலைக்கு மேலால் போனது.

13.07.2024
படங்கள் வந்தன. குடும்பப் படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் அன்னப்பூரணி மாமி நிற்கிறார்.

25.08.2024
அம்மா அழைத்தார். குரலில் புது உற்சாகம். மாப்பிள்ளையின் தங்கச்சி என் ஆட்டங்களைப் போனில் தேடித் தேடிப் பார்ப்பவளாம்.

"நீ பந்து விளையாடுறது அவங்களுக்குக் கல்யாணத்துக்கு முதலே தெரியுமாம் மகள். மருமகன் எல்லாரிட்டயும் பெருமையாச் சொல்லித் திரியிறார். அடுத்த மாசம் ஒருக்கா வந்திட்டுப் போ. எல்லாரும் உன்னப் பாக்க ஆசைப்படுறாங்க."

"ஏலாதம்மா. மேட்ச் இருக்கு" என்றேன்.

அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு மேட்ச்சும் இல்லை.