தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்

மட்டாஞ்சேரி
27-6-1986

மரியாதைக்குரிய அங்கம்மாள் மதினிக்கு, பேச்சியம்மாள் கும்பிட்டு எழுதுவது. அண்ணனும் மாப்பிள்ளையும் சுகந்தானே? இங்கே மழை விடாமல் பிடித்திருக்கிறது.

சந்தனமாரியின் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டோம், முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். மதினி, என் மகளை இங்கே அனுப்ப வேண்டாம். பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது என்று கேட்பீர்கள். முழுதும் படித்துவிட்டு அப்புறம் ஏசுங்கள்.

சந்தனமாரி கல்யாணத்தில் அவள் தம்பி வேலன் உங்கள் கையைக் கடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பந்திக்குள் ஓடாதே என்று பிடித்ததற்குக் கடித்தான். வளர்ப்பு சரியில்லை என்றீர்கள். நான் சும்மா இருந்தேனா? எட்டு வயதுப் பையன் ஓடாமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பானா என்று மணவறைக்குப் பக்கத்திலேயே சண்டைக்கு வந்தேன். வீட்டுக்கு வந்து அவனைக் கரண்டிக் காம்பால் வெளுத்தது உங்களுக்குத் தெரியாது.

இந்த வருஷம் பள்ளி திறந்த வாரமே ஒரு பையனின் நெற்றியைக் கல்லால் உடைத்துவிட்டான். டீச்சர் என்னை வரச் சொன்னார். இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, இனி இவிடே பற்றில்ல சேச்சீ, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, எறணாகுளத்தில் டாக்டரைக் காணிக்கணும் என்று கைவிரித்துவிட்டார். பாண்டிக்காரர் பிள்ளை இப்படித்தான் என்று வாசலில் நின்றவர்கள் பேசியதும் காதில் விழுந்தது.

டாக்டர் அவனை விட்டுவிட்டு எங்களைத்தான் விசாரித்தார். வீட்டில் எந்து பணி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வேலன் அப்பா தோப்பும்படி மீன்வலைக்காரர்களுக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு வார்த்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். பழைய லாரி பாட்டரியை உடைத்து, தகட்டை எடுத்து, சோறு பொங்குகிற அடுப்பிலேயே உருக்குவோம். சந்தனமாரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் படகுத்துறையில் மூட்டை தூக்கினார், இந்த வேலை கிடையாது. வேலனுக்குத்தான் அடுப்படி உத்தரத்தில் தொட்டில் கட்டினேன். பல் முளைக்கும்போது கடித்து விளையாட நானே ஈயக்குண்டுகளை நூலில் கோர்த்து அவன் கையில் கட்டினேன். அது இனிக்கும் போலிருக்கிறது, வாயை விட்டு எடுக்கவே மாட்டான். நசுங்கிப் போனதும் புதிது கோர்ப்பேன். பிள்ளை அழாமல் கிடக்கிறானே என்று எனக்குப் பெருமை வேறு.

டாக்டர் இதை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈயம் நிறைய இருக்கிறதாம். மூளை வளர்கிற வயதில் அது உள்ளே போனால் பின்னால் படிப்பு ஏறாது, கோபம் அடங்காது, இவன் குணத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதுவும் காரணம் என்றார். மருந்து தருகிறார், கெட்டது அத்தனையும் சரியாகாது என்றும் சொல்லிவிட்டார். உருக்குகிற வேலையை வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றிவிட்டோம். ஆனால் தரையிலும் சுவரிலும் அந்தத் தூசி இன்னும் இருக்குமாம். வயிற்றுப்பிள்ளைக்காரியும் கைக்குழந்தையும் இங்கே இருக்கவே கூடாதாம்.

வளர்ப்பு சரியில்லை என்று நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது மதினி. அன்றைக்கு உங்களிடம் வாயாடியது வெட்கமாக இருக்கிறது. அவனை அடித்தது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே பாருங்கள் என்று சொன்ன தாய் நம் பக்கத்தில் கிடையாது. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பத்தியச் சோறு பொங்கவும் துணி அலசவும் நான் அங்கே வருகிறேன். இங்கே உடுத்துகிற சேலை ஒன்றைக்கூட எடுக்காமல் புதுசு கட்டிக்கொண்டு வருகிறேன்.

இன்னொன்று கேட்க நாக்கு கூசுகிறது. வேலனை இந்த வீட்டில் விட்டுவிட்டு வர மனம் இல்லை. அவனையும் கூட்டி வரட்டுமா? ஓரிடத்தில் இருக்க மாட்டான். திரும்பவும் யாரையாவது கடிப்பான். அப்போது அவனை ஏசாதீர்கள், என்னை ஏசுங்கள். அவன் கடித்த அந்தக் கையால் அவனுக்கு ஒரு வாய் சோறு போடுங்கள்.

உங்கள் பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

இப்படிக்கு,
வேலனைப் பெற்ற
பேச்சியம்மாள்