எட்டுக் கட்டத்தில் உன் மகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் சந்தேகப் புத்தியும் ஒரு குறையுமில்லாமல் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் மகள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் ஏதோ சோதனை வைத்தார்கள். அறிவு என்பது ஒன்றல்லவாம், எட்டுத் தனித்தனி அறிவாம், கணக்கு ஒன்று, பேச்சு ஒன்று, பாட்டு ஒன்று என்று எட்டுக் கட்டம் போட்டு நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நம் வாயாடிக்குக் கணக்கில் ஒரே நட்சத்திரம், பிறரோடு பழகுவதில் ஒன்று, தன்னைத்தானே அறிவதில் மட்டும் ஐந்துக்கு ஐந்து. டீச்சர், "உங்க பேத்தி தனியா உக்காந்து யோசிக்கிற பிள்ளை, அது ஒரு வரம்" என்றார். வாயாடி என்று நாம் பேர் வைத்தவள் எப்போது இப்படி ஆனாள்? கூடவே, கணக்கு வகுப்பைக் குறைத்து அவளைத் தனியே உட்கார்ந்து படிக்கிற அமைதிப் பிரிவில் சேர்க்க உன் கையெழுத்தும் வேண்டுமாம். எதையாவது சர்க்கரை தடவிக் கொடுத்தால் உள்ளே என்ன மருந்து என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றும். பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறீர்களா என்று கேட்டேன், கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் பதில் வந்தது. நாற்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், கணக்கும் கண்ணும் கையும் சேர்ந்து ஓடினால்தான் சட்டை, இதில் எந்த அறிவு எங்கே முடிகிறது என்று யார் கண்டது? உன் அம்மாவோ, "படிச்சவங்க சொல்றாங்க, உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல" என்று ஒரே திட்டு.

நான் விடவில்லை, கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். வெளியே விளையாடப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா என்று விதவிதமாகக் கேட்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் தனியாக என்றே டிக் அடித்திருக்கிறாள். ஏன்டி என்றேன். அப்போது சாயங்காலம் ஐந்து மணி. "நான் விளையாடப் போனா அம்மா போன் வந்துடும் தாத்தா, அங்க இப்ப காலைல ஏழரை, வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க" என்று போனை விட்டு நகராமல் சொன்னாள். ஒன்பதரை மணி நேரத்தை மனதிலேயே கழிக்கிற பிள்ளைக்குக் கணக்கில் ஒரு நட்சத்திரம்! டீச்சரை மட்டும் சொல்லி என்ன, ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லையே.

உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கு ஒரு குறையும் வராது. படிவம் உன் மெயிலுக்கு வரும், கையெழுத்துப் போட்டுவிடாதே. நினைத்தபோது கூப்பிடாமல், இங்கே இருட்டிய பிறகு தினமும் இன்ன நேரம் என்று அவளிடம் சொல்லிவிடு அம்மா. தெருப் பிள்ளைகள் இப்போதெல்லாம் அவளைக் கூப்பிடக்கூட வருவதில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா