புதன்கிழமைப் படகு

உன் மகள் வந்து ஒரு கட்டைப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவை ஒழித்தபோது அடித்தட்டில் இருந்ததாம். பையின் மேல் மார்க்கர் பேனாவால் என் பெயரை நீயே எழுதியிருந்தாய். உள்ளே நீ அதிகம் கட்டாத பச்சைச் சேலை, அதன் மடிப்புக்குள் பிரிக்காத சோப்பு ஒன்று. மூக்கருகே கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிட்டது. எலுமிச்சைப் புல் வாசனை. அந்தத் தீவு விடுதியில் தினம் இரண்டு சோப்பு வைப்பார்கள். நாம் ஒன்றையே வாரம் முழுக்கத் தேய்த்துக் குளித்தோம். மிச்சத்தை எல்லாம் நீ ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தாய்.

சோப்புக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் தீவை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் இப்போது பொறுக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நாம் பதின்மூன்று பெண்கள் ஒரே லைன். மூன்று வருஷமாக டிரெய்னி. இந்த மாதம் நிரந்தரம், அடுத்த மாதம் நிரந்தரம் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருவதாகவும், அன்றைக்குத்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவாகும் என்றும் தெரிந்தது. நான் ஒரு மனு எழுதினேன். எல்லாரையும் ஒன்றாக நிரந்தரமாக்கு, இல்லாவிட்டால் ஒருத்தியும் லைனில் நிற்கமாட்டோம் என்று. பதின்மூன்று பேரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். முதலில் போட்டது யார் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம் லைனில் நின்ற ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்த வழி அது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன்னுடையது, முத்து முத்தாக. வட்டத்துக்குத் தலை கிடையாது. தலை யார் என்று காட்ட வட்டத்துக்குள்ளேயே ஒருத்தி வேண்டும்.

அந்த வாரம்தான் நீ வந்து சொன்னாய், சிறந்த ஆபரேட்டர் என்று உனக்குப் பரிசு கிடைத்திருக்கிறது, துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று. ஆயுத பூஜைக்கு டிபன் பாக்ஸ் கொடுக்கிற கம்பெனி, டிரெய்னியை விமானம் ஏற்றித் தீவுக்கு அனுப்புகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன் கூட.

"எவனோ பெரிய ஆபீசரு புக் பண்ணிட்டு போவலையாம். வீணாப் போவுதேன்னு குடுத்தாங்க. உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? பொறந்ததுலேர்ந்து கடலத் தாண்டிகீறியா நீ?"

"திங்கக்கிழம கீதேடி."

"மூணு நாளுதான். புதன்கிழம போய் எறங்குறோம், சனிக்கிழம படகு ஏறுறோம். திங்கக்கிழம காலைல நீ மனுவ கைல வச்சிகினு நிப்ப. நா பக்கத்துல நிப்பேன்."

ஸ்டெல்லா தன் நீலப் பயணப்பையை எனக்கு இரவல் கொடுத்தாள். என்னிடம் இருந்தது காது அறுந்த துணிப்பைதான். "நம்ம லைன்ல எவ பிளைட் ஏறுனா? நீயாச்சும் போய்ட்டு வா. ஞாயித்துக்கெழம வந்துடு, அது போதும்" என்றாள். மனுவைப் பாலிதீன் உறையில் போட்டு அந்தப் பையின் அடியில் வைத்தேன். யாரையும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. உன்னைத் தவிர யாரையும்.

அந்த விடுதி நினைவிருக்கிறதா? நினைவில்லாமலா சோப்பை வைத்திருந்தாய். வெள்ளைக்காரர் காலத்தில், கலங்கரை விளக்கம் கட்ட வந்த அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டியதாம். கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் மரத்தூண்கள், நடந்தால் முனகும் பலகைத் தரை, ஒரு அறைக்கும் பூட்டு கிடையாது. வாசலில் ஒரு பலகை: சாப்பாடு, தேநீர், படகு, படுக்கை எல்லாம் அடக்கம். சமையல்காரர் தாமஸ் அண்ணன் தமிழ் பேசினார். சாப்பாட்டுக்கு அவர் வெண்கல மணியை அடித்ததும் நாம் இரண்டு பேரும் கட்டிலிலிருந்து குதித்து ஓடி, அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வரிசையில் நின்றோம். வரிசையில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவர் தட்டுகளை வாங்கி மேசையில் வைத்து, "உக்காருங்கம்மா, நான்தான் கொண்டுவருவேன்" என்றார்.

பாதிச் சாப்பாட்டில் எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. யோசிக்காமல் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். லைனில் அப்படித்தானே. கை தூக்க வேண்டும், ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும், கழுத்தில் டோக்கனை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். தாமஸ் அண்ணன் பதறி ஓடிவந்தார், "என்னம்மா, முள்ளு குத்திருச்சா?" நீ சிரித்தாய் பார், கண்ணில் தண்ணீர் வழிய, மேசையைத் தட்டித் தட்டி. "போடி, நா ரிலீவரா உக்காந்துகீறேன், உன் மீனையும் சேத்துத் துண்றேன்" என்றாய். உன்னை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புதான். காகிதத்தைப் படித்த பிறகும் அதுதான் முதலில் வருகிறது.

வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன் என்று நீ என் தோளை அழுத்தி உட்காரவைப்பாய். "வயித்துக்கு வஞ்சன பண்ணக்கூடாதுடி" என்பாய். வயிற்றுக்கு மட்டும் நீ பண்ணவில்லை.

அடையாளங்கள் இருந்தன. போய் இறங்கியதும் தாமஸ் அண்ணன் ஒரு காகிதத்தைப் பார்த்து என் பெயரைச் சொல்லித்தான் முதலில் வரவேற்றார். உன் பெயரைச் சொல்லி, "நீங்க துணைக்கு வந்தவங்களா?" என்று கேட்டார். "பேர மாத்தி அடிச்சிட்டானுங்க" என்று சொல்லி அந்தக் காகிதத்தை வாங்கி உன் பையில் வைத்துக்கொண்டாய். வெள்ளிக்கிழமை அவர், "செவ்வாய்க்கிழமை நண்டு வரும், சாப்பிடுவீங்களா?" என்றார். நாங்கள் சனிக்கிழமையே போய்விடுவோமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "நண்டுன்னா உசுருண்ணே" என்று முந்திக்கொண்டாய். அப்புறம் என்னிடம், அவர் மனசு நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னதாகச் சொன்னாய். எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே நீலப் பையோடு படகுத்துறையில் போய் உட்கார்ந்தேன். கடல் துடைத்துவிட்ட தரை மாதிரி கிடந்தது. மீன்பிடிப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. நீ விடுதியிலிருந்து மெதுவாக நடந்து வந்தாய்.

"படகு வராதாம்டி. உள்கடல்ல கொந்தளிப்பாம். இனிமே புதன்கிழமதான்."

"இங்க அமைதியாத்தானே கீது?"

"நீ ஏரியப் பாத்து வளந்தவ. கடலப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

உண்மைதான். மணிமங்கலம் ஏரியும் படப்பை ஏரியும்தான் எனக்குத் தெரியும். செல்போனில் சிக்னல் கிடையாது. கம்பெனிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லியாகிவிட்டது, நாம் வரும்வரை முடிவைத் தள்ளிவைப்பார்கள் என்றாய். தாமஸ் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. நீ கேட்டு வந்துவிட்டாய் அல்லவா.

அன்றைக்கு நான் அழுதேன். நீ என் தலையை மடியில் போட்டுக்கொண்டாய். திங்கட்கிழமை முழுக்க என்னிடம் நீ சரியாகப் பேசவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எம் பொண்ணு மட்டும் லைன்ல நிக்கக்கூடாதுடி" என்று ஒருதரம் சொன்னாய். எனக்காகத்தான் வருத்தப்படுகிறாய் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை நண்டின் கால்களை எல்லாம் உடைத்து உன் தட்டில் வைத்தேன்.

புதன்கிழமைப் படகில் திரும்பி, வெள்ளிக்கிழமை ஷிப்டுக்குப் போனபோது லைனில் பதினொரு புது முகங்கள். நம்மவர்கள் ஒருத்தி கூட இல்லை. திங்கட்கிழமை ஒவ்வொருத்தியாகப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டு, வேலையை விடுவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த மாதமே எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. நீ லைன் லீடர் ஆனாய். நான் உனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். ஸ்டெல்லா வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னபோதெல்லாம் நீ தடுத்தாய். "அவளுங்க உம் மேல கொலவெறில கீறாளுங்க. இப்பப் போவாத. கொஞ்சம் ஆறட்டும்." எட்டு வருஷம் ஆறவிட்டேன்.

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது கூட, "இன்னொரு வாட்டி அந்தத் தீவுக்குப் போலாமாடி" என்றுதான் கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், இரண்டு நாள் வராமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் வந்திருப்பேன். அதற்குக் கூட என்னை நீ நம்பவில்லை.

இப்போது காகிதம். நம் கம்பெனி அந்த விடுதிக்கு அனுப்பிய முன்பதிவு. விருந்தினர் என்ற இடத்தில் என் பெயர். உடன் வருபவர் என்ற இடத்தில் உன் பெயர். ஏழு இரவு, எல்லாம் அடக்கம். கீழே ஒரு குறிப்பு: தீவுக்குப் படகு வாரம் ஒருமுறை, புதன்கிழமை மட்டும்.

சனிக்கிழமைப் படகு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.

உன் மகள் போன் செய்து, "உள்ள இன்னா இருந்துச்சு பெரிம்மா?" என்று கேட்டாள். "உங்கம்மாவும் நானும் ஊரு சுத்துன டிக்கெட்டுடி" என்றேன். உனக்காகச் சொல்லவில்லை, அவளுக்காகச் சொன்னேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு உன் படத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது வராத தைரியம், செத்த பிறகு மகள் கையில் கொடுத்தனுப்ப எப்படி வந்தது? இதைக் கிழித்துப் போட்டிருந்தால் உன்னை நினைத்து நான் நிம்மதியாக அழுதிருப்பேனே.

போன ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருந்த நீலப் பையை இறக்கித் துடைத்தேன். காகிதத்தை அதில் வைத்துக்கொண்டு மணிமங்கலம் போனேன். ஸ்டெல்லா இப்போது வீட்டிலேயே தையல் தைக்கிறாள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் விலை போகவில்லை, என்னைக் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள், இதோ சாட்சி என்று காகிதத்தை நீட்டினேன். தீர்ப்பு என் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவள் கண்ணாடி கூடப் போடவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் பேப்பர நா பாத்துகீறேன். இதோட நகலத்தான் அன்னிக்கு எங்க ஒவ்வொருத்திக்கும் காட்டுனாங்க. உங்க தலைவி பேரு மேல கீது பாரு, அவ தீவுல துண்ணுகினு கீறா, நீ எதுக்குப் பட்டினி கெடக்கணும்னு கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம்."

"நம்பிட்டீங்களா?"

"அன்னிக்கு நம்புனோம். ரெண்டு நாள் கழிச்சி யாருமே நம்பல. அவ அப்படிப்பட்டவ இல்ல, வந்து சொல்லுவான்னு பாத்துகினு இருந்தோம்."

அவள் குரல் ஏறவே இல்லை.

"அங்கேர்ந்து வர்றதுக்குப் படகு இல்லன்ற, சரி. திரும்பி வந்தப்புறம் எங்க வூட்டுக்கு பஸ்ஸு இருந்துச்சே."

பதில் இருந்தது என்னிடம். நீ தடுத்தாய் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்து நின்றது. உத்தரவு கைக்கு வந்த மாதம் அது. நீ தடுத்தது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பது அவள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

கிளம்பும்போது, "பைய வச்சிட்டுப் போ. பேப்பர நீயே எடுத்துகினு போ" என்றாள் ஸ்டெல்லா.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சோப்பைத் தெருக்குழாயில் நின்று கை கழுவியே கரைத்துவிட்டேன். நீ செய்தது உன்னுடையது, அதை உன் கணக்கிலேயே விட்டுவிடுகிறேன். என் பங்கு என்னிடம் இருக்கிறது. சேரப்பணஞ்சேரியில் இரண்டு பேர், வல்லக்கோட்டையில் ஒருத்தி, மற்றவர்கள் சுற்றுவட்டாரத்தில்தான். இன்னும் பத்து வீடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகப் போகப்போகிறேன். காகிதத்தை எடுத்துப்போகமாட்டேன். எந்த ஊருக்கு எந்த பஸ் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எட்டு வருஷமாகவே எனக்குத் தெரியும்.