ஒரு சைஸ் பெரிய ஷூ

ஷார்ஜா
ஏப்ரல் 2006

அன்பு பஷீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். கோவிலம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா? அஃப்ஷானுக்கு இருமல் நின்றதா?

இங்கே பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். விசா இல்லாமல் அஃப்ஷானைச் சேர்க்க மாட்டார்களாம். விசாவுக்கு அவளைப் பெற்ற தகப்பனின் கையெழுத்து வேண்டுமாம். வளர்க்கிற தகப்பன் நான் போட்டால் செல்லாதாம். அவரோ தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு முடியாது என்கிறார். கோர்ட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அவளுக்கு வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூட ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் நம்ம பல்லாவரத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "துட்டெல்லாம் திருப்பித் தர முடியாது பாய். ஒரு சைஸ் பெரிசா மாத்திக்கினு போ. அடுத்த வருஷம் பாப்பா வராமயா பூடும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஷூ அவளுக்கு எவ்வளவு தளர்வாக இருக்கும் என்று பார்க்க வேண்டும். போன தடவை அனுப்பியது போல, அவள் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. உட்கார்ந்தபடி வேண்டாம், நன்றாக ஊன்றி நிற்கச் சொல்.

ஊருக்குப் புறப்படும் அசார் கீழே டாக்ஸியில் காத்திருக்கிறான். இதை அவனிடம் கொடுக்க வேண்டும்.

அப்படியே, உன் காலையும் அஃப்ஷானை வரையச் சொல்லி அனுப்பு. உன் செருப்பு அளவு எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பு.

உன்
பக்கீர் முகமது