நெட்டையனுக்கு நம்ம சட்டை

ஜூலை 3, வியாழன்

சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கிற பாலிஷ்காரர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "நம்ம கிளப்புக்கு புது ஸ்ட்ரைக்கர்மா. யாருன்னு நீயே பாத்துக்க. நான் வாயால சொல்ல மாட்டேன்."

நம் சட்டை. அதற்குள் நெட்டையன். சிரிக்கவில்லை. காலர் இறுக்குவதுபோல் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

சோப்புக் கையோடு அப்படியே நின்றேன். இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மனதில் கிடப்பதை எழுதுங்கள், கொஞ்சம் விடும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இந்த டயரியே. இதுவரை பஸ் தாமதம், மழை, தலைவலி என்று சுற்றி வளைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இன்று நேராக எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய சீசன். தம்பி நம் ஃபுட்பால் கிளப்பின் கீப்பர். நெட்டையன் எதிர் டீமின் ஸ்ட்ரைக்கர். இடது பக்கத்திலிருந்து கோலுக்கு முன்னால் ஒரு கிராஸ் உயரமாக வந்தது. தம்பி இரண்டு கையையும் தூக்கியபடி முன்னால் பாய்ந்தான். நெட்டையனும் பாய்ந்தான். பந்து தம்பியின் கைக்கு வந்தது. நெட்டையனின் முழங்கால் தம்பியின் நெற்றிப்பொட்டுக்கு வந்தது.

நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கிற கேலரியில். பக்கத்தில் பாலிஷ்காரர். சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. நான் வேலை செய்வது பல் செட் செய்கிற லேபில். பிளாஸ்டர் அச்சு கை தவறித் தரையில் விழுந்தால் அதே சத்தம்தான். அதற்கப்புறம் லேபில் யார் எதைக் கீழே போட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

தம்பி பிழைத்துவிட்டான். விளையாட்டு போனது. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. தெரிந்த சொல் திடீரென்று வாய்க்கு வராது. அந்த மேட்ச் அவனுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. காலையில் டீம் பஸ்ஸில் ஏறியது இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் உள்ளது முழுக்க என்னிடம்.

தற்செயல் என்றார்கள். ரெஃப்ரி ஒரு மஞ்சள் அட்டைகூடக் காட்டவில்லை. தற்செயலா? காலை மடக்கியிருக்கலாமே? அந்த வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி— எத்தனை முறை பார்த்தாலும் அந்த முழங்கால் அங்கேயேதான் வந்து நிற்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று நான் மருகிக்கொண்டிருக்க, அவன் ரேடியோவிலேயே கேட்டுவிட்டான்.

"அக்கா, நம்ம ஆளுங்க நெட்டையன எடுத்துட்டாங்களாமே. செம ஆளு. தலைல வாங்கினான்னா கோல்தான்."

"அவன் யாருன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுமே. என்மேல மோதினவன்." போன வருஷம் எங்கோ குடையைத் தொலைத்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

"கோவமே வரலையாடா?"

"ஞாபகம் இருந்தாத்தானக்கா கோவம் வரும். எனக்கு அது நீ சொன்ன கதை. கதைல வர்றவன்மேல போய் கோவப்படுவாங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

லேபில் எல்லாருக்கும் இதே பேச்சு. போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆனவன், ரெண்டு சீசனாகக் கோல் வறட்சி, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்கிறார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்கிறேன். அவர்களுக்குக் கோல் கவலை. என் கவலைக்கு அங்கே இடமில்லை.

இனி மேட்சுக்குப் போவதில்லை என்று பாலிஷ்காரரிடம் சொன்னேன். "போகாதம்மா" என்றார். கொஞ்ச நேரம் மெஷினில் ஒரு பல் செட்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, "பத்து வயசுலேர்ந்து உன் கிளப்பு. அவன் வந்தான்னு நீ எந்திரிச்சுப் போவியா?" என்றார்.

வீட்டுக்காரி வாடகைக்கு வந்தவனுக்குப் பயந்து வெளியேறுவது மாதிரி. மாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. அந்த நாளுக்கப்புறம் எந்த மேட்சுக்குப் போனாலும் நம் பக்கம் எனக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் கோல் லைனில், கம்பத்தில் முதுகை உரசியபடி நிற்பான். பச்சைச் சட்டை, இடது க்ளவுஸின் பட்டையைப் பல்லால் இழுத்துக்கொண்டு. இப்போதைய கீப்பர் அவனைத் தாண்டித் தாண்டிப் போவார். தம்பி வீட்டில் திரை போட்ட அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இங்கே அவன் கண்ணுக்குத் தெரிவான்.

இன்று பன்னிரண்டாவது ஆளும் நெட்டையனும் ஒரே டீமில்.

முதல் பாதியில் நெட்டையனுக்குத் தங்கத் தட்டில் வைத்த மாதிரி ஒரு பந்து. முன்னால் எதிர் கீப்பர் மட்டும்தான். கீப்பர் ஓடி வந்து பாய்ந்தார். நெட்டையன் நின்றுவிட்டான். ஓடுகிற பஸ்ஸில் பிரேக் போட்ட மாதிரி. பந்து அதன் பாட்டுக்கு வெளியே போனது. ரெண்டாவது பாதியிலும் அதேதான்.

பின் வரிசையில் ஒருத்தர், "காசக் கொட்டி கம்பம் நட்டிருக்காங்கய்யா!" என்றார். இன்னொருத்தர், "யோவ் நெட்டையா, நிழல் குடுக்கவா வந்த?" கேலரியே சிரித்தது. எல்லாரையும்விட சத்தமாக நான் சிரித்தேன். ரொம்ப நாளாகிவிட்டது அப்படிச் சிரித்து. வயிறு வலித்தது. பஸ்ஸில் பாலிஷ்காரரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சிரித்தால் என்ன தப்பு? சிரிப்பேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாலு மேட்ச் ஆகிறது, ஒரு கோல் இல்லை. "பயந்தாங்கொள்ளி" என்று கேலரி தாளம் போட்டுக் கத்துகிறது. முட்டி வலி என்கிறார் பாலிஷ்காரர். முட்டி இல்லை. தூரத்திலிருந்து அடிக்கிறான், ஓடுகிறான், டிஃபென்டர்களோடு முட்டி மோதுகிறான். கீப்பர் பாய்ந்தால் மட்டும் நிற்கிறான்.

இன்று பந்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். நின்றதும் அவன் பந்து எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கீழே கிடக்கிற கீப்பரின் தலையைப் பார்க்கிறான். அவர் எழுந்து நிற்கிறவரை பார்க்கிறான். அப்புறம்தான் மூச்சு விடுகிறான்.

நான் பார்க்கிற மாதிரியே பார்க்கிறான்.

அப்போ அவனுக்கும் அந்தச் சத்தம் கேக்குதா?

கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்.

செப்டம்பர் 3, புதன்

லேபின் சுவர் முழுக்க அலமாரி. பிளாஸ்டர் வாய்கள் வரிசையாக, ஏதோ சொல்ல வந்து பாதியில் நின்றவை மாதிரி. தினமும் பார்ப்பதுதான். இன்று அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஓனரம்மா ஏன் என்று கேட்டார். வெளிச்சம் போதவில்லை என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று மேட்ச் இல்லை. மதியம் காலிங் பெல். கதவைத் திறந்தால் நெஞ்சுதான் தெரிந்தது, முகம் அதற்கு மேலே எங்கோ. நெட்டையன். குனிந்து, "உள்ள வரலாமாக்கா?" என்றான்.

"அக்கான்னு கூப்பிடாதீங்க."

"சரிங்க." நகரவில்லை. வாசற்படியில் குடை பிடிக்காமல் மழையில் நிற்கிறவன் மாதிரி நின்றான், மழை இல்லாமலே. வேறு வழியில்லாமல் வழிவிட்டேன். கதவு நிலையில் இடிக்காமல் தலையைத் தாழ்த்தி வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நாலு வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப மட்டும் என்ன?"

"தைரியம் வரலைங்க. உங்க தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன். இந்தத் தடவ வேற ரெண்டு கிளப்புல கூப்பிட்டாங்க. நான்தான் இங்க வர்றேன்னு கேட்டு வந்தேன். அதே கோல் போஸ்டு முன்னாடி நின்னு ஆடினா இது என்னை விட்டுடும்னு நெனச்சேன்."

"விட்டுச்சா?"

தலையை ஆட்டினான். இல்லை.

நாலு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "கால மடக்கியிருக்கலாமா, இல்லையா?"

கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தெரியலைங்க. மடக்கியிருக்கலாம்னு ஒரு நாள் தோணும். அதுக்கு நேரமே இல்லைன்னு மறுநாள் தோணும். நானும் அந்த வீடியோவத்தான் பாக்கறேன்."

இவ்வளவுதானா பதில்? இதுக்கா நான் இத்தன வருஷம்— ஆமாம் என்றிருந்தால் வெறுத்திருப்பேன். இல்லை என்றிருந்தாலும் வெறுத்திருப்பேன். ரெண்டுக்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான்.

அதற்குள் தம்பி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தான், சுவரைத் தொட்டபடி. "யாருக்கா?" கிட்டே வந்து உற்றுப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "டேய், நெட்டையா! நீ எதுக்குடா கீப்பர் வந்தா நின்னுடற? ரேடியோல கேக்கறப்பவே எரிச்சலா வருது!"

நெட்டையன் எழுந்து நின்றான்.

"கீப்பரா சொல்றேன் கேளு. நீ பாதில நின்னா எங்களுக்குத்தான்டா ஆபத்து. எந்தப் பக்கம் விழறதுன்னே தெரியாது. வர்றதுன்னா முழுசா வா. வரலன்னா வராத. ரெண்டுங்கெட்டானா மட்டும் வராத."

அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே இல்லாமல் குலுங்கியது. தம்பி பயந்துபோய் என்னைப் பார்த்தான். "அக்கா, இவனுக்கு அந்த... அது குடேன்... அதான், குடிப்போமே..." கையால் டம்ளர் காட்டினான். தண்ணீர் என்ற சொல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினான்.

நெட்டையன் அதைப் பார்த்தான். முழுக்கப் பார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை. "தண்ணி" என்றான் மெதுவாக.

"ஆங், தண்ணி!" என்று தம்பி சிரித்தான்.

கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலேயே தம்பியோடு சண்டை. "எவ்வளவு சுலபமா மன்னிச்சு அனுப்பிட்ட!" என்றேன்.

"நான் எங்கக்கா மன்னிச்சேன்? எங்கிட்டதான் அதுல ஒண்ணுமே இல்லையே. எல்லாம் உங்கிட்டதான இருக்கு."

டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். எனக்கென்ன இருக்கு? எனக்கா அடிபட்டுச்சு? எனக்கா மண்டை உடைஞ்சுது? நான் சும்மா கேலரில உக்காந்திருந்தவ—

ஆமா. எனக்கும்தான் பட்டுச்சு. யாரும் கேக்கல.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோச் அவனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அடுத்த மேட்சிலும் ஒன்றும் ஆகவில்லையென்றால் விற்றுவிடுவார்களாம். கேலரியில் கைதட்டல். நான் தட்டவில்லை. பாலிஷ்காரர் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இதை உடனே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாகப் போனாலும் போகட்டும்.

ரெண்டாவது பாதியில் நெட்டையனை இறக்கினார்கள். நம் கேலரிக்கு முன்னால் இருக்கிற கோல். எதிர் கீப்பர் சின்ன வயசு, மீசைகூடச் சரியாக வரவில்லை. இடது பக்கத்திலிருந்து கிராஸ். உயரமாக. அதே மாதிரி. எனக்குக் காது அடைத்துவிட்டது. கீப்பர் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். நெட்டையன் ஓடி வந்தான்.

நில்லு, நில்லு, நில்லுடா— கத்தினேனா, மனசுக்குள் சொன்னேனா?

அவன் நிற்கவில்லை. முழுசாக வந்தான். எகிறியபோது இரண்டு காலையும் பின்னால் மடக்கிக்கொண்டான், தொழுகிறவன் மாதிரி. தலை மட்டும் முன்னால். ரெண்டு பேரும் கீழே விழுந்தார்கள். கேலரி முழுக்க எழுந்து எனக்கு மறைத்தது.

"கீப்பர் எந்திரிச்சாரா?"

"கோல்மா! கோலு!" பாலிஷ்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கீப்பர் எந்திரிச்சாரான்னு கேக்கறேன்!"

அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்து சீட் மேல் ஏற்றிவிட்டார். பார்த்தேன். எல்லாரும் நெட்டையனைக் கட்டிப்பிடிக்க ஓடி வருகிறார்கள். அவன் அவர்களை விலக்கிவிட்டு, கீழே கிடந்த கீப்பருக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பையன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். தானே எழுந்து, முட்டியிலிருந்த புல்லைத் தட்டிவிட்டு, தன் டிஃபென்டரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தான்.

இவ்வளவு அழகாக ஒருத்தர் கெட்ட வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

சீட் மேலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் எல்லாரும் கோலுக்கு அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

தம்பி ரேடியோவில் கேட்டானாம். "முழுசா வந்தான் பாத்தியாக்கா!" என்று காலையிலிருந்து அதையே சொல்கிறான். வேலைக்குக் கிளம்பும்போது, "அவன் ஒரு நாள் வரட்டுமாக்கா? பேசிட்டிருக்கலாம்" என்றான்.

"உன் இஷ்டம். வந்தா நிலைல தலைய இடிச்சுக்கப் போறான், பாத்து வரச் சொல்லு."

நவம்பர் 9, ஞாயிறு

தோற்றோம். கடைசி நிமிஷத்தில் நெட்டையனுக்கு ஒரு பந்து. கீப்பர் எங்கோ கிடக்கிறார், முன்னால் ஒரு ஈ காக்கா இல்லை. வானத்துக்கு அடித்தான். பந்து எங்கள் கேலரியைத் தாண்டிப் போனது.

எழுந்து நின்று கத்தினேன். பாலிஷ்காரர் என்னைவிட மோசம். ஸ்டேடியத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரை, பஸ்ஸில், இறங்கி நடக்கும்போதும் அந்த ஒரு பந்தைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்குள் நுழையும்போது தொண்டை கட்டியிருந்தது. பையை நாற்காலியில் எறிந்தேன். தம்பி அறைக்குள்ளிருந்து, "யார்மேலக்கா இவ்வளவு கோவம்?" என்றான்.

"அந்த நெட்டையன்மேலதான். காலி போஸ்டுடா! காலி போஸ்டு!"