அப்பா சொல்லாத சொல்

பிப்ரவரி 9
இன்றும் பேரிக்காய்த் தோட்டம். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. அடைக்கலம் தேடி ஷெப்பர்ட்டனுக்கு வந்து இது இரண்டாவது கோடை; இங்கே பிப்ரவரியில்தான் கோடை. போன வாரம் எனக்குப் பதினேழு முடிந்தது. யாருக்கும் நினைவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12
எங்கள் அடைக்கல மனுவைத் தள்ளிவிட்டார்கள். வக்கீல் ஜோசி வீட்டுக்கே வந்து சொன்னார். அல்பேனியாவில் என் சித்தப்பா வேறொரு வீட்டு ஆளைச் சுட்டுக் கொன்றதையும், அதற்கு ஈடாக எங்கள் வீட்டு ஆண் ஒருவனின் உயிரை எடுக்க அந்த வீட்டார் காத்திருப்பதையும் அதிகாரிகள் நம்பினார்களாம். ஆனால் திரும்பிப் போகப் பயமா என்று அப்பாவைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது:

"எனக்கு யார்கிட்டயும் பயமில்ல. அவங்களும் மானமுள்ள ஆளுங்கதான்."

பயமில்லாதவருக்கு எதற்கு அடைக்கலம் என்று முடித்துவிட்டார்கள்.

அப்பா வேறு என்ன சொல்வார்? எதிரியை இழிவாகப் பேசினால் அசிங்கம் நமக்குத்தான். பயம் என்று சொல்வது அதைவிட அசிங்கம்.

பிப்ரவரி 13
தம்பி ஜோன் என்னிடம் மட்டும் கேட்டான். "அக்கா, மறுபடி அந்த வீட்டுக்குள்ளயேவா?"

பதினொரு வயதிலிருந்து நாடு விட்டு வரும்வரை தம்பி வாசல் தாண்டியதில்லை. அப்பாவும்தான். பழிவாங்க வருபவர்கள் பெண்களைத் தொடமாட்டார்கள் என்பதால் கடை, மருந்து, மாவு எல்லாவற்றுக்கும் நான் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால்தான் என் பள்ளிக்கூடம் நின்றது. அது பரவாயில்லை. ஆனால் அவனுக்கு என்ன பதில் சொல்வது?

மார்ச் 1
மேல்முறையீடு செய்தாயிற்று. அந்த வீட்டில் அப்பா எப்படி இருந்தார் என்று யாராவது சொல்ல வேண்டும் என்கிறார் ஜோசி. அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். ஜோசி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடையில் விலை கேட்கவே எனக்கு நாக்கு எழாது.

ஆனால் எனக்குத் தெரியும். அங்கே ஒருநாள் மின்சாரக் கணக்கெடுக்க வந்தவன் கதவைத் தட்டினான். அவன் போய்விட்டான் என்று சொல்ல மாவு அறையைத் திறந்தேன். அப்பா மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார். தன் வாயைத் தானே பொத்தியிருந்தார். கால்சட்டை நனைந்திருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டேன். இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

மார்ச் 4
விசாரணையில் நானே சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மாவு பிசைவதை அவள் நிறுத்தவில்லை.

"சொன்னா உங்கப்பா உன்ன மன்னிக்கமாட்டார்."

மாவை உருட்டி வைத்துவிட்டு, "ஜோன் உசுரோட இருப்பான்," என்றாள்.

ஜூலை 30
மழை. குளிர். விசாரணைத் தேதி வரவில்லை. வராமலே போனால் நல்லது என்றும் இருக்கிறது.

அக்டோபர் 17
விசாரணை. நான் பேசும்போது அப்பா வெளியே போகமாட்டேன் என்றார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா பயந்தார்," என்றேன். "இப்பவும் பயப்படறார்."

மொழிபெயர்ப்பவரும் எங்கள் ஆள்தான். மன்னிப்புக் கேட்பதுபோல் அப்பாவைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஆங்கிலத்தில் சொன்னார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். மாவு அறையைச் சொன்னேன். கால்சட்டையையும் சொன்னேன். அதை விட்டிருக்கலாமோ? விட்டிருந்தால் நம்பியிருப்பார்களா?

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 18
அப்பா என்னோடு பேசவில்லை.

நவம்பர் 6
இன்னும் இல்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அவள உப்பு எடுத்துட்டு வரச்சொல்லு," என்று ஜோனிடம் சொல்கிறார். அழக்கூடத் தெம்பில்லை.

டிசம்பர் 11
கிடைத்துவிட்டது. நாலு பேருக்கும். ஜோசி தொலைபேசியில் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டிசம்பர் 14
வாழ்த்துச் சொல்ல ஊர்க்காரர்கள் வந்தார்கள். எல்லாம் ஆண்கள். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் அப்பாவின் தொடையில் தட்டி, "முதல்ல இல்லன்னுட்டானே, அப்புறம் எப்படிய்யா மடக்கின? சிங்கம் மாதிரி பேசியிருப்ப," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் பயந்தாங்கொள்ளின்னு என் பொண்ணு போய்ச் சொன்னா. அதனால குடுத்தாங்க."

பெரியவர் அப்பாவின் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பொய்யா சொன்னா?" என்று அப்பாவே கேட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

மிச்சக் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு என் அறைக்கு வந்து படுத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. மிச்சக் காப்பியை அவர்களுக்கு அப்பாவே எடுத்துக் கொடுத்தாராம். ஜோன் சொன்னான்.