அதிகாரி போன குளிர்காலம்

என் அருமை மருமகளுக்கு உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பது நீ எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு வருஷத்தில் இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். வெயில் இப்படிக் கொளுத்தும் என்று சொன்னேன், கொளுத்தியது. மழை இப்படிக் கொட்டும் என்று சொன்னேன், கொட்டியது. உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதே உன் அம்மாவிடம், "அக்கா, பாத்துக்கிட்டே இரு, மூணாவது வருஷம் இவ ஏதாவது ஒண்ணுக்காக உன்கூடப் பேச்சை நிறுத்திடுவா" என்றேன். "உன் வாயைப் பினாயில் போட்டுக் கழுவு" என்றாள். இப்போது யார் சொன்னது பலித்தது? நீ போன கடிதத்தில், பறவை மிருகங்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள் மாமா, அம்மாவைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அடுத்த மாதம் லீவில் வந்தாலும் தோழி வீட்டில்தான் தங்குவேன், அம்மா முகத்தில் விழிக்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். எல்லாம் உன் பூனைக்காக. நீ விட்டுவிட்டுப் போன அந்தச் சாம்பல் நிறக் கடுவனுக்காக. அது உட்காருகிற தோரணையைப் பார்த்து அதிகாரி என்று பெயர் வைத்ததும் நான்தான், அதை உன் அம்மா அஜாக்கிரதையால் கொன்றுவிட்டாள் என்று உனக்குப் போனில் சொன்னதும் நான்தான். சரி, நீ கேட்டபடி மிருகங்களைப் பற்றியே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் இருபத்தாறு வருஷம் தண்ணீர்த் தொட்டி பம்ப் அறை வாசலில் உட்கார்ந்து நான் கவனித்த கவனிப்புக்கு இரண்டு பட்டமாவது கொடுக்கவேண்டும் என்று மீட்டர் பார்க்க வருகிறவரே சொல்லியிருக்கிறார்.

வெயில்காலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தொட்டிக்கு அடியில் வால்வு ஒழுகுகிற இடத்தில் தாம்பாளம் அளவுக்கு ஒரு குட்டை தேங்கும், உனக்குத் தெரியும். இந்த வட்டாரத்துக் காக்கை, மைனா, சிட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் கதி. பறவைகளுக்காகத்தான் சார் வால்வைச் சரிபண்ணாமல் விட்டிருக்கிறேன் என்று இன்ஜினியரிடம் சொன்னேன், "சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேர் வச்சிருக்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏணிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டையில் மைனா கூடு கட்டியிருந்தது. இரும்பு சூடேற ஏற உள்ளே இருக்கிற குஞ்சுகள் மூச்சு முட்டி வாசலுக்கு வரும், எட்டிப் பார்க்கும், பிடி தவறிக் கீழே விழும். கீழே அதிகாரி. எழுந்திருப்பது கூடக் கிடையாது. மேஜைக்குக் கையெழுத்துக்கு ஃபைல் வருவதுபோல ஒவ்வொன்றாக வந்து விழ, அவன் ஒவ்வொன்றாக முடித்து அனுப்பினான். ஒரே நாளில் பதினேழு. தாய் மைனா அவன் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது, அவன் ஒரு காதை மட்டும் மடக்கிக்கொண்டான். மறுநாள் பார்க்கிறேன், அதே மைனா அதே ஓட்டைக்குள் சருகு கொண்டுபோகிறது. "இதுங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா" என்று நான் சிரித்தேன். உன் அம்மா, "வேற எங்கடா போகும்?" என்று கேட்டாள். கிழித்துவிடாதே, மிருகக் கதையில் குறுக்கே வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் இன்னும் விசேஷம். குழாய்கள் அடுக்கிக் கிடக்கிற முற்றத்தில் நம் மூன்றுகால் நாய் ஒரு பெரிய குழாய்க்குள் ஆறு குட்டி போட்டது. பார்த்ததுமே சொன்னேன், இந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஏறும், நாலு குட்டி தேறாது என்று. அப்படியே ஆயிற்று, சரியாக நாலு. அப்படியானால் நீயே எடுத்து உள்ளே வைத்திருக்கக்கூடாதா என்று அந்த இன்ஜினியர் கேட்கிறார். சொன்னவனே செய்யவும் வேண்டுமென்றால் அப்புறம் மற்றவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? நாய் செத்ததுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து என் நாற்காலிக்கு முன்னால் வரிசையாக வைத்து நக்கிக்கொண்டே இருந்தது. மீதி இரண்டையும் தையல்கூடத்திலிருந்து வேலை முடிந்து வந்த ஒரு அம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தன் பைக்குள் போட்டு எடுத்துவந்தாள், அவள் யாரென்று நான் எழுதப்போவதில்லை. அதிலும் ஒன்று நாலாம் நாள் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. பாக்கி ஒன்று என் செருப்பைத் தின்று வளர்கிறது. அந்த மழையில்தான் ஒரு சாரைப்பாம்பையும் பார்த்தேன், பத்தடி, சரி, எட்டடி என்று வைத்துக்கொள். ஒரு தவளையைப் பின்காலிலிருந்து விழுங்க ஆரம்பித்தது. பாதி உள்ளே போனபிறகும் தவளை கத்திக்கொண்டே இருந்தது. நான் ஒரு டம்ளர் டீயை ஆற அமரக் குடித்து முடிக்கிறவரைக்கும் சத்தம் நிற்கவில்லை. மழையில் உன் ஊரிலும் ஜாக்கிரதையாக இரு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, சளி உனக்கு நெஞ்சிலேயே உட்காரும்.

குளிர்காலத்துக் கதையைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், இப்போது முழுதாக எழுதுகிறேன். நம் பம்ப் பழைய காலத்துச் சரக்கு, மோட்டாரிலிருந்து பம்புக்கு அகலமான பெல்ட் ஓடும், அதன்மேல் ஒரு தகர மூடி. காலையில் ஓட்டி நிறுத்திய சூடு மத்தியானம்வரை உள்ளே இருக்கும். குளிரில் அதிகாரிக்கு அந்த மூடிக்குள்தான் மெத்தை. அதனால் பம்ப் அறையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன், சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பேனரால் மூடிமேல் மூன்று தட்டு. தட்டினால் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வருவான், நம்மை ஒரு முறை முறைப்பான், போவான். அன்றைக்கு நான் தொட்டிக்கு மேலே அறுபதடி உயரத்தில் பருந்துக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா டீ ஃபிளாஸ்கோடு வந்திருந்தாள். "அக்கா, அப்படியே மோட்டாரைப் போட்டுவிடு" என்று மேலேயிருந்து சொன்னேன். உடனே நினைவு வந்து, "தட்டு, தட்டு, மூடியத் தட்டு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிர்த்து அடித்தது. அவள் ஒரு கையில் ஃபிளாஸ்கைப் பிடித்தபடி மறு கையால் சுவிட்சைப் போட்டாள். அப்புறம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றிச் சுத்தம்செய்ய எனக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஆயிற்று.

அதைக் கேட்டுவிட்டு நீ உன் அம்மாவைக் கூப்பிட்டு என்ன சொன்னாய் என்பது எனக்கும் கேட்டது, பக்கத்தில்தான் நின்றேன். "ஒரு வாயில்லா ஜீவனைக் கூடப் பாத்துக்கத் தெரியல, அப்பாவையும் நீ இப்படித்தான் பாத்துக்கிட்டியா?" என்று கேட்டாய். உன் அப்பா போனது இருதயத்தில், அதற்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. உனக்கு என் வாய் என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் உன் எண்ணை அழுத்திவிட்டு மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருக்கிறாள். ஒருநாள் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் போனிலிருந்து கூப்பிட்டாள், நீ எடுத்தாய், "அம்மாடி" என்ற ஒரு வார்த்தைக்கே வைத்துவிட்டாயாம். அந்த இஸ்திரிக்காரர், "உங்க பொண்ணு ரொம்ப பிஸி போல" என்று சமாதானம் சொன்னாராம். அதுவே பரவாயில்லை, "பேசிட்டாளா?" என்று தெருவில் இரண்டு பேர் வேண்டுமென்றே தினம் கேட்கிறார்கள்.

உன் கடிதம் வந்ததும், "படிடா, கண்ணு தெரியல" என்று நீட்டினாள். நாளெல்லாம் காலர் தைத்துத் தைத்து இப்போது கையெழுத்து எதுவும் அவளுக்குப் பிடிபடுவதில்லை. நான் என்ன படிப்பேன்? அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும், வந்ததும் நேராக வீட்டுக்குத்தான் வருவேன் என்று நாலு வரி நானே சேர்த்துப் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "நிஜமா எழுதியிருந்தா நீ இவ்வளவு சரளமா படிக்கமாட்ட" என்று சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் உன் அறை மெத்தையை எடுத்து வெயிலில் போட்டாள்.

சரி, கடிதம் நீண்டுவிட்டது. நோய்நொடி இல்லாமல், வாடகை வீட்டுக்காரர் தொல்லை இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீ நூறு வருஷம் இருக்கவேண்டும். வரும்போது எனக்கு ஒரு நல்ல டார்ச் லைட் மறக்காதே. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போடுவதற்குள் ஒன்று. மேலே எழுதியதில் மைனாக் குஞ்சு, நாய்க்குட்டி, பாம்பு எல்லாம் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தாலும் நடந்தவைதான். குளிர்காலத்தில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. உன் அம்மா அன்றைக்குப் பம்ப் அறைக்கு வரவேயில்லை. அந்த நேரத்தில் அவள் தையல்கூடத்தில் வேலையில் இருந்தாள், அவர்களுடைய வருகை அட்டையிலேயே இருக்கிறது. ஃபிளாஸ்கும் இல்லை, நான் ஏணியில் ஏறவும் இல்லை, தட்டு தட்டு என்று யாரும் கத்தவும் இல்லை. இருந்தது நானும் மீட்டர் பார்க்கிறவரும்தான். முதுகைத் திருப்பிக்கொண்டே மோட்டாரைப் போட்டு, சத்தத்தை வைத்தே அதற்குள் என்ன கோளாறு என்று சொல்வேன் என்று அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். போட்டேன். ஒரு சத்தம் வந்தது. பெல்ட் வழுக்குது, அவ்வளவுதான் என்று திரும்பிப் பார்க்காமலேயே சொன்னேன். "அண்ணே, அது பெல்ட் இல்ல" என்றார். நீ போனில் கத்தியபோது உன் அம்மா என்னைத்தான் பார்த்தாள், நான் சுவரில் மாட்டியிருந்த தண்ணீர் அளவுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று பிறகு அவளிடம் நானே கேட்டேன். "ரெண்டு பேர் மேலயும் கோவிச்சுக்கிட்டா, அவ அங்கேருந்து யார்கூடப் பேசுவா? நீயாவது அவ கூப்பிடுற ஆளா இரு" என்றாள்.

தட்டாமல் சுவிட்சைப் போட்டது,
உன் மாமா